நின்னுட்டா சாரும் தூக்கி வைத்த வீடும்

பயத்தை முதலாகப் போட்டுத் தொழில் நடத்தி, அதில் செழிப்பாகவும் வாழ்ந்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் நின்னுட்டா சார்தான். மற்றவர்கள் எல்லாம் துணிந்து இறங்கி நஷ்டப்பட்டவர்கள். இவர் பயந்து பயந்தே மாடி வீடு கட்டியவர்.

திண்டிவனத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தொழில் அவருக்கு. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் நடத்துகிறவர் வீட்டுக்கு முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்வார். வியாபாரப் பேச்சே பேசமாட்டார். கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"தாலி கட்டுற நேரம் பாத்து கரண்டு நின்னுட்டா?"

பெண்ணைப் பெற்றவருக்கு வியர்த்துவிடும். ஜெனரேட்டரே வேண்டாம் என்றிருந்தவர் இரண்டு கேட்பார். இரண்டாவது எதற்கென்றால், முதல் ஜெனரேட்டர் நின்னுட்டா?

அந்தக் கேள்வியே அவருக்குப் பெயராகிவிட்டது. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் நிஜமாகவே பயந்தார். தான் பயந்து மிச்சமானதைத்தான் ஊருக்குக் கொடுத்தார். "எங்க கல்யாணத்துல ஃபாதரு மந்திரிக்கற நேரத்துல, சம்மதமான்னு கேக்கறாரு, இவரு அவரு காதுல 'மைக்கு நின்னுட்டா?'ன்னு கேக்கறாரு. நான் அப்பவே எந்திரிச்சிப் போயிருக்கணும்" என்பார் அவர் மனைவி பிலோமினா அம்மா. முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து போகத்தான் இல்லை.

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு வேன் டீலரிடம் சர்வீஸ் கவுண்ட்டரில் இருந்தேன். வண்டி கொண்டுவருகிறவர்களின் புகாரைக் கேட்டுக்கொள்வதும், பிறகு அவர்களைச் சமாதானம் செய்து அனுப்புவதும் என் வேலை. பொழுது விடிந்தால் மின்வெட்டு, பொழுது சாய்ந்தால் மின்வெட்டு என்றிருந்த வருடங்கள் அவை. நின்னுட்டா சாருக்கு நல்ல வரும்படி. அந்த வரும்படியோடு ஒருநாள் எங்கள் ஷோரூமுக்கு ஒரு நீளமான வேன் வாங்க வந்தார்.

அவர் கேட்ட கேள்விகளைத் தாங்காமல், டீ குடித்துவிட்டு வருவதாகப் போன சேல்ஸ்மேன் திரும்பவில்லை. என்னை உட்காரவைத்துவிட்டார்கள்.

"வாரண்டி வாரண்டின்னு சொல்றாங்களே தம்பி, அப்டின்னா இன்னா?"

"வண்டியில எதுனா கெட்டுப்போச்சின்னா கம்பெனியே சரிபண்ணித் தரும் சார்."

"வழியில நின்னுட்டா?"

"ஒரு ஃபோன் பண்ணுங்க. நாங்க வந்து இழுத்துக்கினு வந்துடுவோம்."

"ஃபோன் நின்னுட்டா?"

"வேற யார் ஃபோன்லயாவது பண்ணுங்க சார்."

"கம்பெனியே நின்னுட்டா?"

இதற்குப் பயிற்சி வகுப்பில் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை. "நான் இருக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுத்து "நீ நின்னுட்டா?" என்று கேட்பார் என எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. "சரி, ஒன்ன நம்பித்தான் எடுக்கறேன்" என்று எழுந்தார்.

சில வாரங்கள் கழித்து முதல் சர்வீசுக்கு வண்டி வந்தது. எங்கள் ஹெட் மெக்கானிக் ஏழுமலை அதைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"சேகரு, நாம வித்தது வண்டிதானே?"

போய்ப் பார்த்தேன். உள்ளே சீட்டுகள் இல்லை. இரண்டு பக்கமும் கட்டில். கட்டிலை அடித்தவர் திண்டிவனத்தில் மாதா கோயிலுக்கு பெஞ்சு செய்துகொடுக்கும் ஆசாரி. அதனால் தலைமாட்டில் சிலுவை செதுக்கி, முழங்கால் போடுவதற்கு ஒரு பலகையும் வைத்திருந்தார். ஒரு ஓரத்தில் கேஸ் அடுப்பு, அதற்கு மேலே சட்டுவம், கரண்டி, இட்லிப் பானை. பின்பக்கம் ஒரு பெரிய தண்ணீர் டிரம். அதை ஒட்டி ஒரு சின்ன ஜெனரேட்டர், பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. ஜன்னல்களில் பூப்போட்ட திரை. டிரைவர் தலைக்கு மேலே மாதா படம், அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட வாரண்டி அட்டை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பூச்சரம். கூரைமேல் மூன்று ஸ்டெப்னி, ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஏணி.

"இன்னா சார் இது?"

"வீடு தம்பி."

"எதுக்கு சார்?"

"வண்டி வழியில நின்னுட்டா இன்னா பண்ணுவோம்? வீட்டுக்குப் போவ முடியாம தவிப்போம். இப்ப நின்னுச்சின்னு வெச்சிக்க, நாம வீட்லதான இருக்கிறோம்?"

யோசித்துப் பார்த்தால் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவரிடம் இருந்த தொல்லை.

பிலோமினா அம்மா கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் ஸ்டெல்லா முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துத் திண்டிவனத்துக்கு அழைத்துவர வேண்டும். பஸ் குலுக்கும். ரயில் சிக்னலில் நிற்கும். வாடகைக் கார்க்காரன் எப்படிப்பட்டவனோ. மகள் படுத்த வாக்கில், ஆடாமல் அசையாமல் வர வேண்டும். அதற்காக இந்த வீடு.

"கும்பகோணம் இன்னா அமெரிக்காவா? விடியக்காத்தால பஸ் ஏறினா மத்தியானம் சோறு திங்கலாம். இவருக்கு ஒரு வீடே இழுத்துக்கினு போவணுமாம்" என்றார். சொல்லிக்கொண்டே திரையின் சுருக்கத்தை நீவிவிட்டார். அவருக்கும் அந்த வண்டி பிடித்துத்தான் இருந்தது.

வளைகாப்புக்கு நாள் இருந்தது. அதற்குள் நின்னுட்டா சார் பயிற்சி எடுக்கத் தொடங்கினார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வருவார், திரும்புவார். மறுவாரம் வளவனூர்வரை போய்த் திரும்புவார். மாட்டு வண்டிகள் அவரை முந்திக்கொண்டு போயின. ஒவ்வொரு பயிற்சியும் எங்கள் கவுண்ட்டரில்தான் முடியும்.

"தம்பி, டொக்குன்னு ஒரு சத்தம் வருது."

ஏழுமலை வண்டிக்கு அடியில் ஒரு காலைப் பொழுது முழுவதும் படுத்துத் தேடினார். கடைசியில் அது இட்லிப் பானைக்குள் உருண்ட கரண்டி.

"தம்பி, தீயிற வாசன வருது."

சாம்பார்.

"தம்பி, வண்டி ஒரு பக்கமா சாயுது."

தண்ணீர் டிரம். அதை நடுவில் நகர்த்தி வைத்தோம். மறுநாள் மறுபக்கமாகச் சாய்வதாக வந்தார். அது பிலோமினா அம்மா கட்டில் மாறிப் படுத்ததால். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நானும் ஏழுமலையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். "ரோடு சரியில்ல சார்" என்று ஏழுமலை முடித்துவைத்தார்.

அந்த வேனின் ஹாரன் சத்தம் வாசலில் கேட்டால் எனக்குப் பயம் வந்துவிடும். வண்டியை நினைத்து அல்ல. அந்த அட்டையை நினைத்து. அவர் மாதாவுக்குச் சமமாகப் பூச்சூட்டி வைத்திருந்த அட்டையின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. வண்டியில் மாற்றங்கள் செய்தால் வாரண்டி செல்லாது. அவர் செய்திருந்தது மாற்றமல்ல, கிருகப்பிரவேசம். நிஜமாகவே ஏதாவது கெட்டுப்போனால் என்ன செய்வேன்? எனக்கே தெரியாமல் நானும் அவரைப்போல் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

வளைகாப்புக்கு இன்னும் கொஞ்ச நாட்களே இருக்கும்போது அவர் வந்தார். இந்த முறை அவர் குரலில் பதற்றம்கூட இல்லை. பேயறைந்தவர்போல் இருந்தார்.

"தம்பி, ஆக்சிலேட்டர மிதிச்சா இஞ்சின் சத்தம் போடுது, வண்டி போவ மாட்டேங்குது."

"உள்ள எத எதயோ ஏத்தி வெச்சிருக்கிறாரு, அப்புறம் எப்டி போவும்?" என்று ஏழுமலை முணுமுணுத்தார். ஆனாலும் ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று புறப்பட்டோம். ஏழுமலை ஓட்ட, பக்கத்தில் நான், பின்னால் கட்டிலில் கணவனும் மனைவியும். புதுச்சேரி சாலையில் கோலியனூர் தாண்டி, வளவனூருக்கு முன்னால், கரும்புத் தோட்டத்தை ஒட்டி, இஞ்சின் ஒரு முறை கதறியது. தீய்ந்த வாசனை வந்தது. இது சாம்பார் இல்லை. வண்டி நின்றுவிட்டது.

வாழ்நாள் முழுவதும் அவர் எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. மாரடைப்பு வந்திருக்குமோ என்றுகூடத் தோன்றியது.

"நின்னுட்டுதா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"நின்னுட்டுது சார்."

"சரி. எறங்குங்க. காபி போடறேன்."

அதற்கப்புறம் அங்கே நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அவ்வளவு நிதானமான மனிதரை நான் பார்த்ததே இல்லை. கூரையிலிருந்து கயிற்றுக் கட்டில் இறங்கியது. வேப்பமர நிழலில் மடக்கு நாற்காலிகள் விரிந்தன. அடுப்பு பற்றிக்கொண்டது. காபி வந்தது, பின்னாலேயே உப்புமா வந்தது. பக்கத்துக் கொல்லையில் நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு முறம் வாங்கி வந்து, உப்புப் போட்டு அவித்து வைத்தார். மீசையின் இரண்டு பக்கமும் புன்னகை. "பாத்தியா தம்பி, நின்னுச்சி. நமக்கு இன்னா கொறஞ்சிபோச்சி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கூட்டம் கூடிவிட்டது. "ஊசி போடற வண்டியா?" என்றாள் ஒரு கிழவி. "கண்ணு டெஸ்ட்டு" என்று இன்னொருவர் அவளைத் திருத்தினார். ஒருவர் நேராக உள்ளே ஏறி, முழங்கால் பலகையில் மண்டியிட்டு, மாதாவைக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். எல்லோருக்கும் மல்லாட்டை கொடுத்தார் நின்னுட்டா சார்.

எங்கள் ஜீப் வந்து வண்டியைக் கயிற்றில் மாட்டி இழுத்த பிறகுதான் அவருக்குப் பழைய முகம் திரும்பியது. "கவுறு அறுந்துட்டா?" என்றார்.

கிளட்ச் கருகியிருந்தது. எங்கள் மேனேஜர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். கதவைத் திறந்து இட்லிப் பானையைப் பார்த்தார். மூடினார்.

"வாரண்டி கெடையாதுன்னு சொல்லி அனுப்பிடு."

"சார், அவரு பொண்ணுக்கு வளைகாப்பு..."

"சேகர், அவர்கிட்ட வாக்கு குடுத்தது நீ. அவர அனுப்புறதும் நீதான். முடியலன்னா நாளைலேருந்து நீயும் அவர்கூடவே அந்த வீட்ல போய் இருந்துக்க."

நான் போய்ச் சொன்னேன். வார்த்தை வார்த்தையாக மென்று விழுங்கிச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. அட்டையைக் கழற்றி, திருப்பி, அந்தச் சின்ன எழுத்தை மூக்குக் கண்ணாடியை உயர்த்தி உயர்த்திப் படித்தார். பிறகு என்னிடம், "கம்பெனி என்ஜினீரு வந்து பாத்து சொல்லணும்னும் இதுலயே போட்டிருக்குதே தம்பி. அவரு வரட்டும்" என்றார்.

அது உண்மை. என்ஜினீயர் சென்னையிலிருந்து வர வேண்டும். அவர் வந்து முடிவு சொல்லும்வரை கியர்பாக்ஸை இறக்கக் கூடாது. வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் ஆளுயரத்துக்குத் தூக்கி, ஒர்க்‌ஷாப்பின் ஒரு மூலையில் வைத்தோம். சாரும் அம்மாவும் திண்டிவனத்துக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்புக்குள் மீன் குழம்பு வாசனை அடித்தது.

தூக்கி வைத்த வேனில் திரை விலகியிருந்தது. கூரையில் இருந்த ஏணி இப்போது வாசலில் சாய்ந்திருந்தது. ஹைட்ராலிக் லிஃப்டின் கம்பியில் வேட்டியும் புடவையும் காய்ந்தன.

மேனேஜர் ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"சார், கஸ்டமருங்க ஒர்க்‌ஷாப் உள்ள இருக்கக் கூடாது!"

நின்னுட்டா சார் மேலேயிருந்து தலையை நீட்டினார். "நான் எங்க சார் ஒர்க்‌ஷாப்ல இருக்கிறேன்? எங்க வீட்லல்ல இருக்கிறேன். வீட்டத் தூக்கி வெச்சது நீங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஒரு டயரைப் பார்த்தேன்.

போலீசைக் கூப்பிடலாம் என்றுகூட மேனேஜர் பேசினார். ஆனால் அன்று முற்பகலில் வழக்கம்போல் மின்சாரம் போனது. எங்கள் ஒர்க்‌ஷாப் ஜெனரேட்டர் பழுதாகிப் பல நாளாயிற்று. கம்ப்ரஸர் ஓடவில்லை, லிஃப்ட் ஏறவில்லை, வாடிக்கையாளர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது மூலை வீட்டிலிருந்து தடதடவென்று ஒரு சத்தம். நின்னுட்டா சார் ஏணியில் பாதி இறங்கி, கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு, "வேணுமா?" என்றார். மேனேஜர் விசிறிக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "குடுங்க சார்" என்றார்.

அதன் பிறகு மெக்கானிக்குகளுக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான். ஏழுமலை சுடுசோற்றுக்காக ஏணி ஏறுவதில் தேர்ந்துவிட்டார். எனக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. என்ஜினீயர் நாளை வருவார், நாளை மறுநாள் வருவார் என்று சென்னையில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கும்பகோணத்திலிருந்து ஸ்டெல்லா தினமும் ஃபோன் செய்தாள்.

"வண்டி ரெடியாய்க்கினே இருக்குதும்மா" என்று மகளிடம் சொல்வார் அப்பா. ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டுவிட்டாலாவது தேவலை.

பிலோமினா அம்மாவுக்கு அழுக்கில் இருக்க முடியாது. முதல் நாளே சோப்புத்தூள் போட்டு, வண்டியைச் சுற்றியும் அடியிலும் தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டார். அந்த ஒர்க்‌ஷாப் கட்டியதிலிருந்து அந்தத் தரையின் நிறம் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. சாம்பல் நிறம் என்று அன்றுதான் தெரிந்தது. தினமும் காலையில் அங்கே ஒரு புள்ளிக் கோலம் போடுவார். ஏணியடியில் தொடங்கி வண்டிக்கு அடியில் முக்கால்வாசி தூரம் போகும்.

ஒருவழியாக என்ஜினீயர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஏணி ஏறி உள்ளே பார்த்தார். ஜெனரேட்டரைப் பார்த்தார், இரண்டாவது ஜெனரேட்டரையும் பார்த்தார். டிரம்மைத் தட்டிப் பார்த்தார். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஓவர்லோடு. கிளட்ச் தேஞ்சதுக்குக் கம்பெனி பொறுப்பாகாது. சாரி சார்."

நின்னுட்டா சார் ஏணியின் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிலோமினா அம்மா காபி டம்ளரோடு வந்தார். "குடிங்க சார். நீங்க பெரிய படிப்பு படிச்சவரு, நான் வேற ஒண்ணு கேக்கறேன். மேல அவ்ளோ பாரம் இருந்தா கீழ எண்ண ஒழுவுமா?"

"எண்ணெயா? எங்கம்மா?"

"நான் டெய்லி கோலம் போடறேன். டெய்லி ஒரு புள்ளி அதிகமா இருக்குது. மொதல்ல நான்தான் தப்பா வெச்சிட்டேன்னு நெனச்சேன். நேத்து அழிச்சிட்டுப் போட்டேன். இன்னிக்கும் அதே எடத்துல வந்துடுச்சி. அது ஒண்ணுதான் கருப்பா இருக்குது, பாருங்க."

எல்லோரும் குனிந்தோம். வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவில் ஒரு கரும்புள்ளி. என்ஜினீயர் மெதுவாகத் தலையைத் தூக்கி, அதற்கு நேர் மேலே பார்த்தார். அடுத்த சொட்டு அங்கே தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கும் எண்ணெயாக இருக்கும் ஒர்க்‌ஷாப் தரையில் அந்தச் சொட்டு விழுந்திருந்தால், ஏழுமலை உட்பட யார் கண்ணிலும் பட்டிருக்காது.

"கியர்பாக்ஸ எறக்குங்க" என்றார் என்ஜினீயர்.

இறக்கினார்கள். உள்ளே இருந்த ஆயில் சீல், ஒரு ரப்பர் வளையம், தொழிற்சாலையிலேயே கோணலாக மாட்டப்பட்டிருந்தது. அதன் வழியாக எண்ணெய் கசிந்து கிளட்ச் பிளேட் முழுக்க ஊறியிருந்தது. வழுக்கி வழுக்கித்தான் அது கருகியது. ஓடும் வண்டியில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் சீல் கோணலாகாது. கம்பெனி மாட்டியது, கம்பெனிதான் பொறுப்பு. "வாரண்டி உண்டு" என்று அவர் சொன்னதும் ஏழுமலை கைதட்டினார். மேனேஜர்கூடச் சிரித்தார். நான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

ஆனால் பாருங்கள், வாரண்டி வந்துவிட்டால் பாகம் வந்துவிடுமா? சென்னையில் இருப்பு இல்லை, தொழிற்சாலையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். லாரியில் ஏறிவிட்டது என்றார்கள். எந்த லாரி என்று கேட்டால் தெரியவில்லை. வளைகாப்புக்கு முந்தின நாளும் விடிந்துவிட்டது.

பிலோமினா அம்மா காலையிலேயே நல்ல பட்டுப்புடவை கட்டி, பையோடு ஏணியில் இறங்கினார்.

"நான் பஸ்ஸுல போறேன். நீங்க ஒங்க வீட்டக் காவ காத்துக்கினு இருங்க."

"பஸ்ஸு வழியில..."

"நிக்கட்டும்! நின்னா நிக்கட்டும். என் பொண்ணு கை நெறைய வளையலோட வாசல்ல வந்து நின்னுக்கினு இருப்பா. அம்மா அப்பன் வரலன்னா அவ மனசு நின்னுடும். அதுக்கு எங்க போயி ஜெனரேட்டர் மாட்டுவீங்க?"

அவர் குரல் உடைந்ததை அன்றுதான் முதல்முறை கேட்டேன். நின்னுட்டா சார் ஏணியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு மேலே ஏறிப்போனார். இனி இறங்கமாட்டார் என்றே நினைத்தோம். சட்டையை மாற்றிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு, தோளில் ஒரு பெரிய மூட்டையோடு இறங்கி வந்தார்.

"தம்பி, பஸ் ஸ்டாண்டு வரிக்கும் வர்றியா?"

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கும்பகோணம் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. சார் டிரைவர் பக்கம் போய் நின்றார். மூட்டையில் டார்ச் லைட், தண்ணீர் பாட்டில்கள், நைலான் கயிறு, ஸ்டவ், அவித்த மல்லாட்டை. நான் பார்க்கும்போதே அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"டிரைவர் சார், வழியில நின்னுட்டா?"

டிரைவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "நின்னா எறங்கித் தள்ளுவோம். ஜல்தி ஏறு பெரியவரே, பேஜாரு பண்ணாத."

இவ்வளவு எளிதான ஒரு பதிலை அவருக்கு வாழ்க்கையில் யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிலோமினா அம்மா அந்தக் கைகளின்மேல் தன் கையை வைத்தார். பஸ் கிளம்பியது.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. பண்ருட்டி தாண்டியிருக்குமா? நெய்வேலியில் நின்றிருக்குமா? யாராவது கவுண்ட்டருக்கு வந்து ஏதாவது கேட்டால், பாதியில் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். மத்தியானத்துக்கு மேல் ஃபோன் வந்தது.

"தம்பி, வந்து சேந்துட்டோம்." மறுமுனையில் பெண்கள் சிரிக்கும் சத்தம், வளையல் சத்தம். அவர் குரல் மட்டும் ஏதோ ஏமாந்ததுபோல் இருந்தது. "நிக்கவே இல்ல தம்பி. ஒரு எடத்துலகூட நிக்கல."

மகளை அழைத்துக்கொண்டு வந்ததும் பஸ்ஸில்தான். ஸ்டெல்லாவே அடம்பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டு வந்தாளாம். அப்பாதான் அவளுக்குப் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் வந்திருக்கிறார்.

பாகம் வந்து வண்டி தயாரானது. அதை எடுக்க வந்தபோது, இரண்டு ஜெனரேட்டரில் பெரியதை எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனார். "ஒங்களுக்குத்தான் அடிக்கடி நிக்குது" என்றார். மேனேஜர் அவரை வாசல்வரை வந்து வழியனுப்பினார். பேத்தி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனது அந்த வேனில்தான். நடந்தே போயிருக்கக்கூடிய தூரம். நான் பின்னால் பைக்கில் போனேன். அவர் ஓட்டிய வேகத்துக்கு இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றித்தான் வர வேண்டியிருந்தது.

நான் பிறகு அந்த வேலையை விட்டு, ஊரை விட்டு, எழுத வந்து, ஊர் ஊராகச் சுற்றுகிறவனாகிவிட்டேன். நான் எங்கே கிளம்பினாலும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. என் மனைவிதான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். பாதி வழியில் ஃபோன் வரும். "எங்க தம்பி இருக்கிற? சாப்ட்டியா? மழயா அங்க?" என்று கேட்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் எந்த ஊர் போய் இறங்கினாலும், பையைக் கீழே வைத்ததும், வீட்டுக்குக்கூட அப்புறம்தான், முதலில் திண்டிவனத்துக்குத்தான் கூப்பிடுகிறேன்.